பந்து கையை விட்டுப் போவதற்கு முன்: ஹேண்ட்பால் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றி வந்தன: கோலை நோக்கிப் பந்தை எறிவதற்கான பயிற்சி, எதிரணியிடமிருந்து பந்து கிடைத்ததும் தொடுக்கும் விரைவான எதிர்த்தாக்குதல். கைப்பந்து என்றால் நம்மில் பலருக்கு வாலிபால்தான் நினைவுக்கு வரும் என்பதால், குழப்பம் வேண்டாமென்று ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: நான் பள்ளி அணிக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர். பயிற்சியின்போது பத்துக்கு எட்டு கோல் அடிக்கும் மாணவர்கள், போட்டியில் கோல்கீப்பரின் உடம்பைப் பார்த்தே பந்தை எறிகிறார்கள். பயம்தான் காரணமா?

பதில்: பயத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் பெரும்பங்கு நீங்கள் தரும் பயிற்சியின் வடிவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் ஒருவர் நின்று பந்தைக் கொடுக்க, மாணவர்கள் வரிசையாக வந்து, எதிரே தடுப்பவர் யாருமில்லாமல், மூன்றடி வைத்து எகிறி எறிந்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போய்விடுகிறார்கள் அல்லவா? நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். அந்த வரிசையில் நிற்கும்போதே, ‘இந்த முறை வலது மேல்மூலை’ என்று பையன் முடிவு செய்துவிடுகிறான். கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார் என்பதை அவன் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் எறிந்து பழகியவன் போட்டியிலும் பார்க்காமல்தான் எறிவான்.

கோல்கீப்பரின் பக்கமிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 வினாடியில் கோலை அடைந்துவிடும். கோல் பகுதியின் எல்லையான 6 மீட்டர் கோட்டருகிலிருந்து வந்தால் 0.27 வினாடிதான். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கோலில், பந்து கையை விட்டுப் புறப்பட்ட பிறகுதான் அசைவேன் என்று எந்தக் கோல்கீப்பரும் காத்திருக்க முடியாது. அதனால் எறிபவரின் தோளையும் முழங்கையையும் ஓடிவரும் திசையையும் படித்து, பந்து புறப்படுவதற்குச் சற்று முன்பே அவர் ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறார். அந்தச் சாய்வைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைத் திருப்புகிறவரே நல்ல ஷூட்டர். எறியும் வேகம் அதற்கு அடுத்தபடிதான்.

இதை வளர்க்க நான் விடாமல் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. கோல்கீப்பரிடம் தனியே சொல்லி வையுங்கள்: எறிபவர் எகிறி, கையைப் பின்னே இழுத்து உச்சியில் இருக்கும் நொடியில், அவர் தம் விருப்பப்படி ஒரு பக்கம் தெளிவாக நகர வேண்டும். எறிபவர் அதற்கு எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். முதல் நாள் பாதிப் பந்துகள் கோல்கீப்பர் சாய்ந்த பக்கமே போகும். சில பந்துகள் கம்பத்துக்கு வெளியே போகும். கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் எறிபவரின் தலை நிமிரும், கண் பந்தை விட்டுக் கோல்கீப்பரின் இடுப்புக்குப் போகும். அதன் பிறகு கோல்கீப்பரின் நகர்வைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்துங்கள். கடைசியில் அவர் விருப்பம்போல் நிற்கட்டும், நகரட்டும், ஏமாற்றட்டும்.

அடுத்ததாகத் தடுப்பவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் 8 மீட்டர் அளவில் கைகளை உயர்த்தி நின்றால் மட்டும் போதும். அவருடைய கைகள் ஒரு பக்கத்தை மறைக்கும். மறுபக்கத்தைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார் என்பது தடுப்பாட்டத்தின் உடன்பாடு. அந்த உடன்பாட்டை உடைக்க எறிபவருக்கு மூன்று வழிகள் உண்டு: கைகளுக்கு மேலே, இடுப்புக்குப் பக்கத்தில், அல்லது ஓரடி பக்கவாட்டில் வைத்து எகிறித் திறந்த இடத்தில். ஒரே இடத்திலிருந்து இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எறியச் சொல்லுங்கள். ஒவ்வொரு எறிதலுக்கும் முன் அவர்களைச் சிறிது ஓடவும் விடுங்கள். கோலிலிருந்து நடுக்கோடு வரை ஓடித் திரும்பி வந்து பந்தை வாங்கி எறியும் மாணவனை அருகில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும்: ஐந்தாவது ஆறாவது முறை அவன் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிடும், பந்து கோல்கீப்பரின் தொடையை நோக்கித் தாழ்ந்து போகும். நீங்கள் போட்டியில் பார்ப்பது இந்தத் தாழ்ந்த முழங்கையைத்தான். களைத்த நிலையிலும் முழங்கையைத் தோளுக்கு மேல் வைத்திருப்பதைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 15. கோலிலிருந்து தள்ளி நின்று எறியும் இடப் பக்க பேக் இடத்தில் ஆடுகிறேன். என் எறிதலில் வேகமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடை தூக்கிக் கை வலுவை வளர்த்தால் சரியாகிவிடுமா? எறிந்த மறுநாள் தோள் லேசாக வலிக்கவும் செய்கிறது.

பதில்: தங்கையே, தோளிலிருந்து தொடங்குவோம். மறுநாளும் தோள் வலிக்கிறது என்றால், வலி அடங்கும்வரை முழு வேகத்தில் எறியாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுங்கள். நார்வேயின் மேல்நிலை அணிகளில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வார்ம்-அப்பின் ஒரு பகுதியாகத் தோளின் புறச்சுழற்சி, தோள்பட்டை எலும்பின் கட்டுப்பாடு, மேல்முதுகின் அசைவு ஆகியவற்றுக்கான பயிற்சிகளைத் தொடர்ந்து செய்த அணிகளில், தோள் தொல்லை வரும் வாய்ப்பு 28 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தப் பயிற்சிகளுக்குச் சுமார் பத்து நிமிடம் போதும். ரப்பர் பட்டை ஒன்று இருந்தால், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் எளிய பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.

இனி வேகம். பந்தின் வேகம் கையில் பிறப்பதில்லை. தரையிலிருந்து கால், இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வந்து விரல்நுனியில் முடிகிறது. நீங்கள் வலது கைக்காரராக இருந்தால் இடது, வலது, இடது என்று மூன்றடி வைத்து, இடது காலில் எகிற வேண்டும். கடைசி அடி நீளமாக அமைய வேண்டும். அந்த அடியில்தான் இடப் பக்க இடுப்பும் தோளும் கோலை நோக்கித் திரும்பியிருக்க, பந்து பின்னால் உயரே காத்திருக்கும். பலர் செய்யும் தவறு, இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில் சேர்ந்து சுழல்வது. அப்படிச் சுழன்றால் மொத்தச் சுமையும் தோளில் விழுகிறது. வேகமும் வராது, வலியும் வரும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதால் இதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். வலது முழங்காலை மட்டும் தரையில் ஊன்றி, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து எறிந்து பாருங்கள். கால் உதவி இல்லாததால் உடற்பகுதியின் சுழற்சியை நன்றாக உணர முடியும். பிறகு எழுந்து நின்று, அடி வைக்காமல் எறியுங்கள். அதன் பிறகு ஓரடி, மூன்றடி, கடைசியாக எகிறல். ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பந்துகள். ஒரு கிலோ எடையுள்ள மெடிசின் பாலை (பயிற்சிக்கான கனமான பந்தை) இரு கைகளாலும் தலைக்கு மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எறிவது நல்ல துணை. எடைப் பயிற்சியும் நல்லதே, ஆனால் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று முறையைச் சரிபார்க்க வேண்டும். அதையும் கையில் தொடங்காமல் காலிலும் முதுகிலும் தொடங்குங்கள்.

இன்னொன்று: உங்கள் வயதுப் பெண்களுக்கு உரியது 54 முதல் 56 செ.மீ. சுற்றளவும் 325 முதல் 375 கிராம் எடையும் கொண்ட இரண்டாம் அளவுப் பந்து. அண்ணன்மார்களோடு ஆடி அவர்களுடைய மூன்றாம் அளவுப் பந்தில் பழகியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். விரல்கள் முழுதாகப் பிடிக்க முடியாத பந்தை எந்த முறையிலும் வேகமாக எறிய முடியாது.

கேள்வி: ஆடுகளத்தின் ஓரத்தில் உள்ள விங் இடத்திலிருந்து எறியும்போது கோலே தெரிவதில்லை. கோணத்தை எப்படிப் பெரிதாக்குவது?

பதில்: கோலை நோக்கி எகிறாமல், கோலுக்கு நேர் எதிரே உள்ள 7 மீட்டர் கோட்டை நோக்கி எகிறுங்கள். கோல் பகுதியின் கோட்டை மிதிக்காமல் வெளியே எகிறி, தரையைத் தொடுவதற்குள் பந்தை விட்டுவிட்டால் விதிப்படி சரி. ஆகவே காற்றில் இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கோணம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பொறுமைதான் இங்கே திறமை. கோல்கீப்பர் உங்கள் பக்கத்துக் கம்பத்தை மூடியபடி முன்னேறி வருவார். அவர் கை அல்லது கால் எழும்வரை பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் தூரக் கம்பத்தின் கீழ்மூலையோ தலைக்கு மேல் பந்தை மெல்லத் தூக்கிப் போடும் ‘லாப்’ எறிதலோ திறக்கும். கோல் பகுதிக்குள் ஒரு மெத்தையைப் போட்டு, எறிந்த பிறகு அதன் மேல்தான் இறங்க வேண்டும் என்று பயிற்சி செய்யுங்கள். மெத்தையை வாரம் ஒரு சாண் நடுப்பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் அணியில் நல்ல ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிர்த்தாக்குதலில் கோல் வருவதே அரிது. பாதி வழியில் பந்து தவறிவிடுகிறது, அல்லது எதிரணியினர் திரும்பி வந்துவிடுகிறார்கள். எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

பதில்: ஓட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் ஆட்கள் எப்போது புறப்படுகிறார்கள் என்று மட்டும் ஒரு போட்டி முழுவதும் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் பந்து நம் கைக்கு வந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே புறப்படுவார்கள். அதற்குள் எதிரணியின் விங் ஆட்டக்காரர் திரும்பி இரண்டடி வைத்திருப்பார். 40 மீட்டர் நீள ஆடுகளத்தில் அந்த இரண்டடியை ஓடிப் பிடிப்பது மிகக் கடினம்.

புறப்பட வேண்டிய நொடி, எதிரணி ஷூட்டரின் கையை விட்டுப் பந்து வெளியேறும் நொடி. அதற்கு முன்னால் கிளம்பினால் தடுப்புச் சுவரில் ஓட்டை விழும். பின்னால் கிளம்பினால் தாமதம். ஆறு பேரும் கோட்டருகில் நிற்கும் தடுப்பில், இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கே இந்த வாய்ப்பு அதிகம். அதிலும் ஷாட் எழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் ஓட வேண்டியவர், ஏனென்றால் அவருக்கு அந்த நேரத்தில் அங்கே வேலை இல்லை. ஐஸ்லாந்தின் குட்யோன் வாலுர் சிகுர்ட்சனின் ஆட்டக் காட்சிகள் கிடைத்தால் பார்க்கச் சொல்லுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் இடப் பக்க விங் ஆட்டக்காரர் அவர். எதிரணி எறியும்போது பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சி இதற்காகத்தான். ஒருவர் 9 மீட்டரிலிருந்து கோலுக்கு எறிவார். இரு ஓரங்களிலும் இருவர் தடுப்பு நிலையில் நிற்பர். பந்து கையை விட்டதும் தூரப் பக்கத்தவர் புறப்பட வேண்டும்; ஆனால் எறிபவர் இடையிடையே எறிவதுபோல் பாசாங்கு செய்து பந்தைக் கையிலேயே வைத்துக்கொள்வார். பாசாங்குக்கு ஏமாந்து ஓடியவர் திரும்பி வந்து மறுபடி நிற்க வேண்டும். கோல்கீப்பர் தடுத்த பந்தையோ, கம்பத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் மாற்றுப் பந்தையோ எடுத்து, ஓடுபவருக்கு நீண்ட பாஸ் கொடுப்பார்.

இப்போது ஓடும் முறை. முதல் ஐந்தாறு அடிகளில் பந்தைத் தேடித் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் வேகம் போய்விடும். பக்கக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே நேராக ஓடி, நடுக்கோட்டை நெருங்கும்போது உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். இடப் பக்கமாக ஓடுபவருக்கு அது வலது தோள். பிறகு வளைந்து நடுவை நோக்கி வந்தால் கோணமும் கிடைக்கும், பின்னால் துரத்தி வருபவரின் பாதையும் அடைபடும். பந்து அவர் இருக்கும் இடத்துக்கு வராமல் அவர் போய்ச் சேரும் இடத்துக்கு வர வேண்டும். பாதி வழியில் பந்து தவறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே பெரும்பாலும் குற்றம் வாங்கியவருடையது அன்று. பாஸ் அவர் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீண்ட பாஸை இடைமறிக்க எதிரணிக் கோல்கீப்பர் தம் பகுதியை விட்டு வெளியே ஓடி வருவதுண்டு. அப்படி வந்து, பந்தை நோக்கி ஓடும் ஆட்டக்காரரோடு மோதினால் கோல்கீப்பருக்கு மீதி ஆட்டம் முழுவதும் வெளியேற்றம் என்று விதி சொல்கிறது. விதி கடுமையாக இருப்பதன் காரணம், பின்னால் திரும்பிப் பார்த்தபடி முழு வேகத்தில் ஓடுபவருக்கு எதிரே வருபவர் தெரியமாட்டார் என்பதுதான். பயிற்சியில் கோல்கீப்பர்கள் வெளியே வருவதை முற்றிலும் தடை செய்யுங்கள்.

முதல் அலையில் ஓடியவருக்குப் பந்து போகவில்லையென்றால் எதிர்த்தாக்குதல் முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. பின்னால் வரும் பேக் ஆட்டக்காரர்களும், எதிரணியின் கோல் பகுதிக் கோட்டருகில் ஆடும் பிவட்டும் சேர்ந்தது இரண்டாம் அலை. எதிரணியில் மூவர் திரும்பியிருக்க நாம் நால்வர் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய லாபம். ஆனால் அந்த லாபத்தைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பந்தோடு ஓடுபவர் இரு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நோக்கி உண்மையாகவே கோல் அடிக்கும் நோக்கத்தோடு போக வேண்டும். ஒருவர் அவரைத் தடுக்க அடியெடுத்து வைத்த பிறகே பாஸ். தடுப்பவர் அசைவதற்கு முன்பே பந்தைக் கொடுத்துவிட்டால், அவர் பந்தோடு சேர்ந்து பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிடுவார். நால்வர் இருந்தும் பயனில்லை. ஆகவே நடுக்கோட்டிலிருந்து இருவர் தாக்க ஒருவர் தடுக்கும் பயிற்சியில் ஒரே நிபந்தனை வையுங்கள்: தடுப்பவரின் கால் உங்களை நோக்கி நகர்ந்தால் மட்டுமே பாஸ், நகராவிட்டால் நீங்களே எறிய வேண்டும்.

இது கைவந்ததும் நிற்காமல் ஓடும் மூவர்–இருவர் பயிற்சி. மூவர் ஒரு கோலைத் தாக்க, இருவர் தடுப்பர். ஷாட் முடிந்த நொடியில், தடுத்த இருவரோடு பக்கக் கோட்டில் காத்திருக்கும் ஒருவர் சேர்ந்து மூவராகி, கோல்கீப்பரிடம் பந்தை வாங்கி எதிர்க் கோலுக்குப் பறக்க வேண்டும். அங்கே வேறு இருவர் காத்திருப்பர். தாக்கி முடித்த மூவரில் இருவர் அங்கேயே தடுப்பாளர்களாக நிற்க, ஒருவர் பக்கக் கோட்டுக்குப் போவார். நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என்று மூன்று சுற்றுப் போதும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைக் கட்டுப்படுத்துங்கள்: ஆளுக்கு ஒரு தட்டு மட்டும். பந்தோடு மூன்றடி, மூன்று வினாடி என்ற விதிக்குள் பாஸ் செய்துகொண்டே ஓடும் மூவர், தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் ஒருவரைவிட வேகமாகக் கோலை அடைவதைப் பையன்களே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: கோல் வாங்கிய உடனேயே சில அணிகள் நடுவிலிருந்து பந்தை விரைவாகத் தொடங்கிப் பதில் கோல் அடித்துவிடுகின்றன. இது விதிப்படி சரியா?

பதில்: சரிதான். கோல் விழுந்த பிறகு நடுவில் நடக்கும் தொடக்க எறிதலின்போது எதிரணியினர் தங்கள் பாதிக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அவர்கள் மகிழ்ச்சியில் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம். நடுவரின் விசில் மட்டும் வேண்டும். விசிலுக்குப் பின் மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும். 2022 முதல் பெரிய போட்டிகளில் நடுக்கோட்டின் மேல் 4 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைகிறார்கள். எறிபவர் அதற்குள் நகர்ந்தபடியே எறியலாம். வட்டம் இல்லாத ஆடுகளத்தில் பழைய முறைப்படி ஒரு கால் நடுக்கோட்டில் ஊன்றியிருக்க வேண்டும். பயிற்சியைக் கோல்கீப்பரிடம் தொடங்குங்கள்: வலையிலிருந்து பந்தை எடுத்து நடுவில் நிற்பவர் கையில் சேர்ப்பது வரை நேரத்தைக் குறித்து, வாராவாரம் குறைத்து வாருங்கள்.

கேள்வி: நான் கோல்கீப்பர். ஷூட்டிங் பயிற்சி என்றால் ஒரு மணி நேரம் என் மேல் பந்தாக எறிகிறார்கள். யாருக்கும் என் பயிற்சியைப் பற்றிய நினைப்பே இல்லை. நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை உங்கள் பயிற்சியாளர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்றைக் கேளுங்கள். முதலாவது, முதல் பத்து நிமிடம் வரிசை முறையில் எறிய வேண்டும்: எல்லோரும் முதலில் மேல் இடது, பிறகு மேல் வலது, பிறகு இடுப்பளவு, பிறகு கீழ்மூலைகள்; அதுவும் பாதி வேகத்தில். உடம்பு சூடேறாமல் முழு வேகப் பந்துகளை வாங்கும் கோல்கீப்பருக்கு முழங்கையும் விரல்களும் கெடும். இரண்டாவது, முகத்தை நோக்கி எறிபவர் அந்தச் சுற்றிலிருந்து வெளியேற வேண்டும். தடுப்பவர் யாருமில்லாத நிலையில் கோல்கீப்பரின் தலையில் எறிந்தால் போட்டியில் இரண்டு நிமிட வெளியேற்றம் உண்டு. பயிற்சியில் மட்டும் அதற்கு விலக்கு ஏன்?

மூன்றாவது, உங்கள் எறிதலுக்கென்று பதினைந்து நிமிடம். எதிர்த்தாக்குதலின் முதல் ஆட்டக்காரர் நீங்கள்தான். உங்கள் கோல்கீப்பர் எறிதலுக்கு விசில் தேவையில்லை; பந்து கைக்கு வந்த நொடியில் தொடங்கலாம். எதிர்ப்பாதியின் 9 மீட்டர் கோட்டருகில் இரு பக்கமும் இரண்டு கூடைகளை வையுங்கள். ஒருவர் மெதுவாகக் கோலுக்கு எறியட்டும். நீங்கள் தடுத்து, பந்தை அள்ளி, நிமிர்ந்து, எந்தப் பக்கத்து ஓட்டக்காரர் கை உயர்த்தியிருக்கிறாரோ அந்தப் பக்கத்துக் கூடைக்கு எறியுங்கள். முதலில் கண், பிறகு கை என்ற வரிசை மாறக் கூடாது. யாரும் கை உயர்த்தவில்லையென்றால் அருகில் நிற்கும் பேக்குக்குக் குறுகிய பாஸ் கொடுங்கள். முப்பது எறிதல்களில் எத்தனை கூடைக்கு ஓரடிக்குள் விழுந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.